“மலையாளியா? அப்ப மலையாளம் பேசு!” – நாம் யார் என்று முடிவு செய்வது யார்?

சேர்வராயன்பேத்தி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொந்த ஊர் ஏற்காட்டுக்கு மேலே, சேர்வராயன் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு சின்ன ஊர். நாங்கள் மலையாளி பழங்குடி. இப்போது சேலத்தில் ஆசிரியராக இருக்கிறேன். பதினேழு வயதில் விடுதியில் சேர்ந்த முதல் நாள், பக்கத்துக் கட்டில் பெண் என்னிடம் கேட்டது: “மலையாளியா? அப்ப மலையாளத்துல ஏதாவது பேசு!” எனக்கு மலையாளம் ஒரு வார்த்தை தெரியாது. எங்கள் வீட்டில் தமிழ்தான். பாட்டியின் பாட்டி பேசியதும் தமிழ்தான். மலையில் வாழ்கிறவர்கள் என்பதால் வந்த பெயர் அது. ஒவ்வொரு ஓணத்துக்கும் எனக்கு வாழ்த்து வந்துகொண்டிருந்தது. சரி, தெரியாமல் கேட்கிறார்கள், சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது கேள்வியை அப்படி விட முடியவில்லை. தம்பியின் சாதிச் சான்றிதழுக்காக ஒரு அலுவலர் விசாரணைக்கு வீட்டுக்கு வந்தார். கான்கிரீட் வீட்டைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். தம்பியின் ஜீன்ஸைப் பார்த்தார். பாட்டியிடம், “உங்க ஆளுங்க பாடுற பாட்டு ஒண்ணு பாடுங்க” என்றார். பாட்டிக்கு எண்பது வயதுக்கு மேல். என்ன பாடுவதென்று தெரியாமல், எங்களைத் தூங்கவைக்கப் பாடும் தாலாட்டைப் பாடினார். “இது எல்லா ஊர்லயும் பாடுறதுதானே” என்று சொல்லி எழுதிக்கொண்டு போனார். சான்றிதழ் வந்தபோது கல்லூரிச் சேர்க்கை முடிந்திருந்தது.

பாட்டி அதற்கப்புறம் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. “வேற பாட்டு பாடியிருக்கணுமோ?” என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

படித்தவர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். ஒரு சமூகத்தின் அடையாளம் எதில் இருக்கிறது? பாட்டிலா, வீட்டிலா, மொழியிலா? அதைச் சோதித்துப் பார்க்கும் உரிமை எங்கிருந்து வருகிறது?

---

எஸ்டேட்_பிள்ளை

பாட்டியை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது அக்கா. ஏற்காட்டில் பிறந்தவன் நான். வேலை முடிந்து இரவு வந்து எழுதுகிறேன்.

---

சமூகவியல்_முதுகலை

அக்கா, நான் முதுகலை சமூகவியல் படிக்கிறேன். நீங்கள் கேட்ட கேள்வியைத்தான் வகுப்பில் ஒரு பருவம் முழுக்கப் பேசினோம். ஆனால் எங்கள் வகுப்பில் இருந்து ஏற்காடு மலை தெரியும், அங்கே போய் யாரையும் கேட்டதில்லை. அந்த வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

பிரெட்ரிக் பார்த் என்ற நார்வே மானிடவியலாளர் 1969-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். அதற்கு முன்பு, ஒரு இனக்குழு என்றால் அதன் உடை, உணவு, பாட்டு, சடங்கு எல்லாவற்றையும் பட்டியல் போட்டால் போதும் என்று நினைத்தார்கள். பார்த் அதை மறுத்தார். பட்டியலில் உள்ளவை காலத்தோடு மாறிக்கொண்டே இருக்கும், குழு மட்டும் தொடர்ந்து இருக்கும். எனவே நாம் பார்க்க வேண்டியது, “நாங்கள்”, “அவர்கள்” என்று கோடு எங்கே விழுகிறது, அந்தக் கோட்டை இரண்டு பக்கத்தாரும் எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்பதைத்தான். நம் ஊர் மொழியில் சொன்னால் வரப்பைப் பார்க்க வேண்டும். வயலில் போன வருடம் சாமை, இந்த வருடம் காப்பி என்பதால் வயல் வேறொருவருடையது ஆகிவிடாது.

அந்த அலுவலர் பார்த்தது விளைச்சலை. அதுவும் அவர் மனதில் ஏற்கெனவே இருந்த விளைச்சலை.

அந்தப் படம் அவர் மனதில் எப்படி வந்தது என்றால், 1965-ல் மத்திய அரசின் லோகூர் குழு, பழங்குடிகளை அடையாளம் காண ஐந்து அளவுகோல்களைச் சொன்னது. ஆதிகாலக் கூறுகள், தனித்த பண்பாடு, புவியியல் தனிமை, வெளியாரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. இன்றுவரை பேச்செல்லாம் இதைச் சுற்றித்தான். “பழகக் கூச்சம்” என்பதைக் கவனியுங்கள். நாற்பது பிள்ளைகளுக்கு முன் நின்று பாடம் நடத்தும் நீங்கள் எந்தக் கூச்சத்தைக் காட்ட முடியும்? படித்து முன்னேறுங்கள் என்று ஒதுக்கீடு தருகிற அரசே, படித்து முன்னேறிய அடையாளம் தெரிந்தால் சந்தேகப்படுகிறது. இந்த முரண்பாட்டின் முழு பாரமும் உங்கள் பாட்டியின் மேல் விழுந்திருக்கிறது.

---

ஓய்வுபெற்ற_எழுத்தர்

வருவாய்த் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். திட்டு வாங்கத் தயாராகத்தான் எழுதுகிறேன்.

முதலில் அம்மா, உங்கள் பாட்டியைப் பாடச் சொன்னது தவறு. அதில் இரண்டு கருத்து இல்லை.

ஆனால் விசாரணையே கூடாது என்று யாரும் நினைக்க வேண்டாம். மலையேறியே பார்க்காதவர்கள் பழங்குடி என்று சான்று வாங்கி, மருத்துவ இடத்திலும் வங்கி வேலையிலும் உட்கார்ந்த காலத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படிப் போன ஒவ்வொரு இடமும் உங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்றின் இடம். 1989 வரை தாசில்தார் கொடுத்த சான்றை அப்புறம் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தான் கொடுக்க வேண்டும் என்று மாற்றியதும் இதனால்தான். 1994-ல் உச்ச நீதிமன்றம் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில், சாதிச் சான்றைச் சரிபார்க்கும் ஆய்வுக்குழு முறையைக் கொண்டுவந்தது. அந்த வழக்கில் மகாதேவ் கோலி பழங்குடி என்று பொய்யாகச் சான்று வாங்கியவர்களால்தான் அந்த நிலை வந்தது. சடங்கு, திருமண முறை, குலதெய்வம், சாவு முறை எல்லாம் கேட்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்த அலுவலர் தானாகக் கண்டுபிடித்துக் கேட்கவில்லை. காகிதத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்திருக்கும், அதை நிரப்பியிருப்பார்.

கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டால் பின்னாளில் எங்கள் ஓய்வூதியத்துக்கே ஆபத்து. அந்தப் பயத்தில்தான் பாதி அலுவலகம் ஓடுகிறது. இதையும் எண்ணிப் பாருங்கள்.

---

சேர்வராயன்பேத்தி

ஐயா, நேர்மையாக எழுதியதற்கு நன்றி. போலிச் சான்று வாங்கியவர்கள் மேல் உங்களைவிட எங்களுக்குத்தான் கோபம் அதிகம். ஆனால் போலிகளைப் பிடிக்கப் போட்ட வலையில் மாட்டுவது நாங்கள். பணமும் ஆள் பலமும் உள்ளவர்கள் எந்தச் சடங்கைச் சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். பாட்டிக்கு மனப்பாடம் செய்யத் தெரியாது, அவ்வளவுதான்.

எங்கள் கதையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அண்ணன் தம்பி மூன்று பேர். பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடு அண்ணன் பச்சைமலைக்கும், சின்ன அண்ணன் கொல்லிமலைக்கும் போனார்கள். அதனால்தான் எங்களைப் பெரிய மலையாளி என்பது. காரைக்காட்டு வெள்ளாளர் என்று சொல்லிக்கொள்வதும், பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று போட்டுக்கொள்வதும் உண்டு. தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தொகுதிகளிலும் இது பதிவாகியிருக்கிறது.

இந்தக் கதையைச் சின்ன வயதில் பெருமையாகக் கேட்டு வளர்ந்தேன். விசாரணை நாளன்று தாத்தாவின் தம்பி இதே கதையை அலுவலரிடம் பெருமையாகச் சொன்னார். உடனே, “அப்ப நீங்க கீழேருந்து வந்தவங்கதானே, எப்படி பழங்குடி?” என்று கேள்வி திரும்பியது. பெரியவர் வாயடைத்துப் போய் நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. நம்மை உயர்த்திச் சொல்லும் என்று நினைத்த கதையே நமக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

---

பட்டுநூல்73

தங்கச்சி, உங்கள் கடைசிப் பத்தியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் சேலம் பொன்னம்மாபேட்டைப் பக்கம். சௌராஷ்டிரர். வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், பாவு (நெசவு நூல்) வாங்கப் போனால் தெலுங்கும் வரும்.

எங்களிடமும் இதே போல ஒரு கதை உண்டு. குஜராத்திலிருந்து கிளம்பி, விஜயநகரம் வழியாக, மதுரைக்கு வந்து, அங்கிருந்து பல ஊர்களுக்குப் பிரிந்த கதை. மதுரையில் எங்கள் ஆட்கள் ஆவணி அவிட்டம் கொண்டாடிப் பூணூல் போட உரிமை உண்டா என்று பிரச்சினை கிளம்பி, 1705-ல் ராணி மங்கம்மாள் உண்டு என்று சாசனம் கொடுத்தார். அதை எங்கள் தாத்தா தேதியோடு சொல்வார். சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் மேல்நிலையாக்கம் என்று பெயர் வைத்தது இதைத்தான் என்பது பின்னால் படித்தபோது தெரிந்தது. கீழே இருப்பவர் மேலே இருப்பவரின் வழக்கங்களை எடுத்துக்கொண்டு ஒன்றிரண்டு தலைமுறையில் மதிப்பில் ஏறப் பார்ப்பது.

உங்கள் பெரியவர் சொன்ன காஞ்சிபுரம் கதையும் அப்படி ஒரு ஏணி என்று எனக்குப் படுகிறது. ராஜா காலத்தில் மேலே இருக்கிறோம் என்று சொன்னால் மதிப்பு. குடியரசு காலத்தில் ஒதுக்கப்பட்டோம் என்று சொன்னால்தான் உரிமை. மக்கள் அதே மக்கள். கேட்கும் அதிகாரம் மாறியதும் சொல்ல வேண்டிய பதில் மாறுகிறது. பெரியவர் பழைய அதிகாரத்துக்கான பதிலைப் புதிய அதிகாரத்திடம் சொல்லிவிட்டார். அதில் பொய் எதுவும் இல்லை.

எங்கள் மொழிக்கென்று தனி எழுத்து உண்டு. 2008-ல் யூனிகோடில் சேர்த்தார்கள். என் பிள்ளைகளுக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. என் பேரன் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவானா என்று எனக்கு உறுதியில்லை. நாளை யாராவது வந்து, “மொழி தெரியாத நீ எப்படி சௌராஷ்டிரன்?” என்று அவனைக் கேட்டால் நான் என்ன சொல்ல?

---

தெற்குத்தெரு

பட்டுநூல் அண்ணா, உங்கள் பதிவை மரியாதையோடு படித்தேன். ஆனால் ஏணி என்று சொன்னீர்களே, அதை எங்கே ஊன்றினார்கள் என்பதையும் பேச வேண்டும்.

நான் அருந்ததியர். எங்கள் வீட்டிலும் தெலுங்கு. சேலத்தில் தெலுங்கு பேசும் சாதிகள் எத்தனையோ உண்டு. நிலமும் கடையும் வைத்திருப்பவர்கள் வீட்டில் பேசும்போது அது “எங்க தாய்மொழி, எங்க பாரம்பரியம்”. எங்கள் வீட்டில் பேசினால் அது சாதியைக் காட்டிக்கொடுக்கும் மொழி. சின்ன வயதில் பேருந்தில் அம்மா என்னிடம் தெலுங்கில் பேசினால் நான் கையைக் கிள்ளுவேன். வீடு வாடகைக்குக் கேட்டுப் போகும்போது அம்மாவும் அப்பாவும் தமிழில் மட்டும் பேசிக்கொள்வார்கள். ஒருமுறை அம்மா வாய் தவறி ஒரு சொல்லை விட்டார். வீட்டுக்காரர் முகம் மாறியது. மறுநாள் “சொந்தக்காரங்க வர்றாங்க, வீடு இல்லை” என்றார்.

இதைத்தான் சொல்ல வருகிறேன். மொழி ஒன்றுதான். அதற்குக் கிடைக்கும் விலை வேறு. பண்பாடு, பன்மை, பல இனங்கள் சேர்ந்து வாழும் ஊர் என்றெல்லாம் பேசும்போது எல்லாரும் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது போல ஒரு படம் வருகிறது. நாங்கள் பக்கத்தில் நிற்கவில்லை, கீழே நிற்கிறோம். அம்பேத்கர் படிநிலைப்பட்ட ஏற்றத்தாழ்வு என்றார். ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் மேலே இருப்பவர் மேல் கோபமும், கீழே ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதலும் இருக்கும். அதனால் யாரும் படிக்கட்டை இடிக்க மாட்டார்கள். பட்டியல் சாதிகளுக்குள்ளேயே நாங்கள் பின்னால் நின்றதால்தான் 2009-ல் தமிழ்நாட்டில் பட்டியல் சாதிகளுக்கான 18 சதவீத ஒதுக்கீட்டுக்குள் 3 சதவீதம் எங்களுக்கென்று தனியாகக் கொடுத்தார்கள். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொல்லும்வரை அது என்ன ஆகுமோ என்ற பயத்தோடுதான் இருந்தோம்.

சேர்வராயன்பேத்தி அக்கா, உங்கள் பாட்டியைப் பாடச் சொன்னார்கள். எங்களை யாரும் பாடிக் காட்டச் சொன்னதில்லை. எங்கள் சான்றிதழை யாரும் அவ்வளவாகச் சந்தேகப்பட்டதும் இல்லை. பார்த்தவுடனே நம்பிவிடுவார்கள். அந்த நம்பிக்கையின் வலியும் ஒன்று இருக்கிறது.

---

சேர்வராயன்பேத்தி

தெற்குத்தெரு, நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். எங்கள் மலை ஊர்களிலும் உங்கள் மக்களைத் தள்ளி வைக்கும் பழக்கம் இருந்தது, சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. பாட்டிக்கு நடந்ததை எழுதும்போது இது எனக்கு நினைவுக்கே வரவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

---

குகைவாசி

இழை நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது. நான் சேலத்தின் குகைப் பகுதியில் பிறந்து வளர்ந்தவன், தேவாங்கர், வீட்டில் கன்னடம். ஆனால் பெங்களூர்க்காரர் கேட்டால் சிரிப்பார், அவ்வளவு தமிழ் கலந்த கன்னடம்.

அதிகாரத்தைப் படிக்க வேண்டுமென்றால் புத்தகத்தைவிட ஆடி மாதத்தில் சேலம் வந்தால் போதும் என்பேன். கோட்டை பெரிய மாரியம்மன், குகை, அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை என்று பேட்டைக்குப் பேட்டை பண்டிகை. எங்கள் குகையில் வண்டி வேடிக்கை அன்று ஊரே திரண்டு நிற்கும். கடவுள் வேடம் கட்டி வண்டியில் நிற்பவரைப் பார்க்கக் கன்னடக்காரர், தெலுங்குக்காரர், தமிழர், உருது பேசும் பாய் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்போம். அது உண்மையான மகிழ்ச்சி. யாரும் அதைக் குறைத்துப் பேசினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் கோயிலுக்குள் முதல் மரியாதை யாருக்கு, எந்த நாள் கட்டளை எந்தச் சமூகத்துக்கு, எந்தத் தெருவுக்குள் சாமி வரும், எந்தத் தெருமுனையோடு திரும்பிவிடும்? அந்த வரிசையைப் பார்த்தால் ஊரின் முழு அதிகார அமைப்பும் தெரிந்துவிடும். கூட்டத்தில் எல்லாருக்கும் இடமுண்டு. வரிசையில் அப்படி இல்லை.

பர்மாவில் வேலை பார்த்த பர்னிவால் என்ற ஆங்கிலேய அதிகாரி, காலனி நாடுகளைப் பற்றி எழுதும்போது, அங்கே பல இனத்தாரும் கலக்கிறார்கள், ஆனால் ஒன்றாகச் சேர்வதில்லை, சந்தையில் மட்டுமே சந்தித்துக்கொள்கிறார்கள் என்றார். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வாங்கும்போதும், லீ பஜாரில் மளிகை எடுக்கும்போதும் அது எனக்கு ஞாபகம் வரும். ராஜஸ்தான் குடும்பத்தார் மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறார்கள், நம்மைவிட நன்றாகச் சேலத்துத் தமிழ் பேசுகிறார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் நம்மில் எத்தனை பேர் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம்?

---

செவ்வாய்ப்பேட்டை_கடை

நான் அந்த மூன்றாம் தலைமுறை ஆள்தான் குகை அண்ணா. ஆடிப் பண்டிகைக்கு எங்கள் கடையில் நீர்மோர் கொடுப்போம், தாத்தா காலத்திலிருந்து. “எப்போ ஊருக்குப் போறீங்க?” என்று இன்றும் கேட்கிறார்கள். ஊர் இதுதான் என்று சொல்லிச் சொல்லி, இப்போது “தீபாவளிக்கப்புறம்” என்று சொல்லிவிடுகிறேன்.

கல்யாணத்துக்கு அடுத்த தடவை கட்டாயம் கூப்பிடுகிறேன். உங்கள் பக்கத்திலிருந்தும் பத்திரிகை வர வேண்டும்.

---

எஸ்டேட்_பிள்ளை

எல்லாப் பதிவையும் படித்தேன். பாட்டு, மொழி, மரியாதை எல்லாம் சரி. நிலத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று இருக்கிறது.

என் தாத்தா, அப்பா, நான், மூன்று பேரும் காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் (தொழிலாளர் வரிசை வீடு) இருந்தவர்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர்தான் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அதற்கு முன் சேலநாடு, மொகநாடு, முட்டநாடு என்று மூன்று நாடாக மலையாளிகள் தங்களுக்குள் பிரித்து ஆண்டுகொண்ட மலை இது. ராகியும் சாமையும் விளைந்த சரிவுகளில் மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்கள் எழுந்தன. வெள்ளைக்காரத் துரைகள் போனார்கள், சமவெளிப் பணக்காரர்கள் வந்தார்கள். இப்போது ரிசார்ட்டுகள் வருகின்றன. ஆள் மாறினாலும், மலையில் பிறந்தவன் வேலியின் எந்தப் பக்கம் நிற்கிறான் என்பது மாறவில்லை.

தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி (பழங்குடிகளின் நிலத்துக்கும் நிர்வாகத்துக்கும் தனிப் பாதுகாப்பு உள்ள பகுதி) ஒன்றுகூடக் கிடையாது. ஆந்திரம், ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களில் பழங்குடிப் பகுதிகளுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. நமக்கு இல்லை. வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது, ஆனால் நீதிமன்றத் தடையால் தமிழ்நாட்டில் 2016 வரை பட்டாவே கொடுக்க முடியவில்லை. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. மாநிலத்தில் அப்படி இருப்பது இரண்டே தொகுதி, இன்னொன்று சேந்தமங்கலம். ஆனால் வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கத்துச் சமவெளி ஊர்களும் இதே தொகுதியில்தான். நிற்பவர் மலையாளியாக இருந்தாலும், வெற்றி பெற அவர் யாருக்குப் பிடித்தவராக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

மே மாதத்தில் இரண்டு விழா நடக்கும். ஒன்று கோடை விழா, மலர்க் கண்காட்சியோடு. மேடையில் பழங்குடி நடனம் என்று எங்கள் ஆட்களை ஆடச் சொல்வார்கள். இன்னொன்று சேர்வராயன் கோயில் திருவிழா. மலையெல்லாம் கூடி, அந்தக் குகைக் கோயிலுக்குள் குனிந்து போய்ச் சேர்வராயனையும் காவேரியம்மனையும் கும்பிடுவோம். முதல் விழாவில் எங்கள் பண்பாடு அவர்கள் பார்ப்பதற்கு. இரண்டாவதில் எங்களுக்கு. பாட்டியைப் பாடச் சொன்ன அலுவலருக்குத் தெரிந்தது முதல் விழா மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

---

சமூகவியல்_முதுகலை

எஸ்டேட் அண்ணா, பிரெட்ரிக் பார்த்தைப் பற்றி நான் எழுதியதில் இருந்த பெரிய ஓட்டையை நீங்கள் காட்டிவிட்டீர்கள். வரப்பைப் பார்க்க வேண்டும் என்றேன், வரப்பை வெட்டி நகர்த்தும் பலம் யாரிடம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. தெற்குத்தெரு எழுதியதும் அதுதான்.

ஒன்று சேர்க்கத் தோன்றுகிறது. 1944 ஆகஸ்ட் 27 அன்று நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது நம் சேலத்தில்தான். தெலுங்கு, கன்னடம், தமிழ் பேசுபவர்களை எல்லாம் ஒரு பெயருக்குள் கொண்டுவர நினைத்த சொல் “திராவிடர்”. பெரியாரின் வீட்டு மொழியே கன்னடம். பிறப்பால் கிடைத்த பெயருக்குப் பதில் ஒரு அரசியலுக்காகத் தேர்ந்தெடுத்த பெயர் அது. அதற்குள்ளும் எல்லாருக்கும் ஒரே அளவு இடம் கிடைக்கவில்லை என்று தெற்குத்தெரு சொல்வார், அது உண்மை. ஆனால் அடையாளம் என்பது மேலிருந்து ஒட்டும் சீட்டு மட்டும் இல்லை, நாமே கூடிச் செய்துகொள்ளவும் முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது.

அப்புறம் எழுத்தர் ஐயா, அந்த 1994 தீர்ப்போடு விஷயம் முடியவில்லை. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, மகாராஷ்டிரத் தாக்கூர் பழங்குடிச் சமூகத்தின் வழக்கில், சடங்கு, வழக்கம் கேட்கும் அந்தப் பிணைப்புச் சோதனையை இறுதி உரைகல்லாகக் கொள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டது. பழைய ஆவணங்களுக்குத்தான், அதிலும் அரசியலமைப்புக்கு முந்தைய ஆவணங்களுக்கு, அதிக மதிப்பு. இடம்பெயர்ந்து, படித்து, நவீன வாழ்க்கைக்கு வந்தவர்களிடம் பழைய கூறுகளைத் தேடுவது பொருந்தாது.

---

ஓய்வுபெற்ற_எழுத்தர்

நான் ஓய்வு பெற்றபின் வந்த தீர்ப்பு தம்பி. படித்துவிட்டு எழுதுகிறேன்.

---

பர்கூர்க்காரன்

நான் ஈரோடு மாவட்டம், அந்தியூர் பக்கம் பர்கூர் மலை. நாங்களும் மலையாளிதான். அதே சாமி, அதே பரியம், அதே அண்ணன் தம்பி கதை. ஆனால் நாங்கள் பழங்குடி இல்லை!

காரணம் அரசின் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறது. “மலையாளி” என்ற பெயருக்குப் பக்கத்தில் தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி என்று மாவட்டங்களை எழுதியிருக்கிறார்கள். எங்கள் மலை அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது, 1979-ல்தான் ஈரோடு தனியானது. கோயம்புத்தூர் பட்டியலில் இல்லை, அதனால் ஈரோடும் இல்லை. வட ஆற்காடு என்ற மாவட்டமே இன்று கிடையாது, அந்தப் பெயர் இன்னும் பட்டியலில் உயிரோடு இருக்கிறது. உயிரோடு இருக்கும் நாங்கள் அதில் இல்லை. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் அதிக எண்ணிக்கை மலையாளிகள், மூன்றரை லட்சத்துக்கு மேல். அந்தக் கணக்கில் எங்கள் தலை ஒன்றுகூட இல்லை.

சேர்வராயன்பேத்தி, உங்கள் பாட்டியைப் பாடச் சொன்னார்களே, எங்களிடம் அதைக்கூடக் கேட்கவில்லை. வரைபடத்தைப் பார்த்தே பதில் சொல்லிவிட்டார்கள்.

என் மனைவிக்குச் சொந்த ஊர் பாலமலை. மேட்டூருக்கு மேலே, சேலம் மாவட்டம். அவர் பழங்குடி, சான்றிதழ் இருக்கிறது. நான் இல்லை. எங்கள் மகள் பத்தாம் வகுப்பு. அப்பா பெயரைப் பார்த்து அவளுக்குச் சான்று இல்லை என்கிறார்கள். ஒரே சோற்றைச் சாப்பிடும் வீட்டில் அம்மா ஒரு இனம், மகள் ஒரு இனமா? இதற்கு வழி ஏதும் இருந்தால் யாராவது சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற_எழுத்தர்

பர்கூர் தம்பி, இரண்டு நாளாக உங்கள் பதிவையும் மாணவர் சொன்ன தீர்ப்பையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் குஜராத் வழக்கு ஒன்றில் சொன்னது உங்களுக்கு உதவலாம். அம்மா பழங்குடி, அப்பா வேறு என்றால் பிள்ளை அப்பாவின் சாதியே என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது மாற்ற முடியாத முடிவு அல்ல. பிள்ளை அம்மாவின் சமூகத்தில் வளர்ந்தது, அந்தச் சமூகத்தின் கஷ்டங்களைத் தானும் பட்டது, அந்தச் சமூகம் தன் பிள்ளையாக ஏற்றது என்று ஆதாரம் காட்டினால் அம்மாவின் நிலை கிடைக்கலாம். உறுதி சொல்ல மாட்டேன். உங்கள் குடும்பம் பர்கூரில் இருப்பதால் எதிர்க் கேள்வி வரும். மகள் பாலமலையில் தாத்தா வீட்டில் தங்கிப் படித்த காலம் இருந்தால் அதன் பள்ளிச் சான்று முக்கியம்.

சேகரிக்க வேண்டியது: மனைவியின் சான்றிதழ், மாமனாரின் பள்ளிச் சான்று, மாமனார் வீட்டு நிலப் பட்டா, அதற்கு முந்தைய தலைமுறையின் எந்தக் காகிதமானாலும். 1950-க்கு முன்னால், அதாவது அரசியலமைப்புக்கு முந்தையதாக இருந்தால் கண்ணாடி போட்டுப் பாதுகாத்து வையுங்கள். மனுவைக் கையில் கொடுக்காதீர்கள், விரைவுத் தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையை வையுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்புவதை ஏற்காதீர்கள். மனுவை எழுதி எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.

சேர்வராயன்பேத்தி அம்மா, பணியில் இருந்தபோது நானும் இரண்டு மூன்று வீடுகளில் “உங்க சாமி கும்பிடுற முறையைச் செஞ்சு காட்டுங்க” என்று கேட்டிருக்கிறேன். அப்போது அது எனக்குத் தவறாகத் தெரியவில்லை. அந்த வீடுகளில் ஒன்று உங்கள் மலையில்தான்.

---

சேர்வராயன்பேத்தி

ஐயா, எந்த ஊர் என்று கேட்க மாட்டேன். மனு விஷயத்தில் பர்கூர் அண்ணனுக்கு நீங்கள் உதவுவது பெரிய காரியம்.

பர்கூர் அண்ணா, தம்பிக்காக நாங்கள் தேடியபோது தாத்தா பெயரில் ஒரு பழைய நில ரசீது கிடைத்தது, அரிசிப் பானைக்கு அடியில் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். “மலையாளி” என்று கையால் எழுதியிருந்தது. உங்கள் மாமியாரிடம் கேளுங்கள். ஆண்களுக்குத் தெரியாத இடத்தில்தான் இருக்கும்.

---

பர்கூர்க்காரன்

ஞாயிற்றுக்கிழமை பாலமலைக்குப் போகிறோம். மகளும் வருகிறாள், மூன்றாம் வகுப்புவரை அங்கேதான் படித்தாள். மாமியாரிடம் போனில் கேட்டோம். பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறதாம், சாவி இல்லையாம். பூட்டை உடைக்கச் சுத்தியல் எடுத்துப் போகிறேன்.